தீர்ப்புக்கு முன் இரக்கம்: தவறிப்போன ஒருவரை அணுகுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சபையில் ஒருவர் தவறிவிட்டார் என்று செய்தி பரவியதும் இரண்டு குரல்கள் கேட்கும். "பாவத்தைப் பாவம் என்று கண்டிக்காவிட்டால் சபை கெட்டுப்போகும்" என்பது ஒன்று. "நியாயந்தீர்க்க நாம் யார்? விட்டுவிடுங்கள்" என்பது இன்னொன்று. இரண்டு பக்கத்திலும் வசனம் காட்டுவார்கள். ஆனால் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒருவர்கூட அந்த மனிதரைத் தேடிப் போவதில்லை. ஒரு கூட்டம் தூரத்தில் நின்று பேசுகிறது, இன்னொரு கூட்டம் அதே தூரத்தில் நின்று பேசாமல் இருக்கிறது.

நல்ல சமாரியன் உவமையை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள் (லூக்கா 10). அடிபட்டுக் கிடந்தவனை மூன்று பேருமே கண்டார்கள். ஆசாரியனும் லேவியனும் கண்டு பக்கமாய் விலகிப் போனார்கள். சமாரியன் கண்டு, மனதுருகி, "கிட்ட வந்து" காயங்களைக் கட்டினான். இரக்கம் என்று வேதம் சொல்வது இந்தக் கிட்ட வருதலைத்தான். மனதுக்குள் "ஐயோ பாவம்" என்று நினைப்பதோடு அது முடிந்துவிடாது. கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம், ஒரு மனிதருக்குக் கிட்டே எப்படிப் போவது, போனபின் என்ன செய்வது என்பதைப் பற்றியவைதான்.

தொடங்குமுன்: எதைச் செய்யாதே என்று இயேசு சொன்னார்?

"மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" (மத்தேயு 7:1) என்ற வசனத்தைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அந்தப் பகுதி அங்கேயே நின்றுவிடுவதில்லை. முதலில் உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடு, பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்று தொடர்கிறது. ஆக, துரும்பு எடுப்பதும் ஒரு ஊழியம்தான். அதே அதிகாரத்தில் கள்ளத் தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருக்கவும் அவர் சொல்கிறார். நன்மை தீமையைப் பிரித்துப் பார்க்கும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை.

அப்படியானால் தடுக்கப்பட்டது எது? ஒருவருடைய முழுக் கதையையும் நாமே எழுதி முடித்து, முத்திரை குத்தி, கதவை அடைப்பது. "நீ செய்தது பொய்" என்பது உண்மையைச் சொல்வது. "அவன் பொய்யன், திருந்தவே மாட்டான்" என்பது தேவனுடைய நாற்காலியில் ஏறி உட்காருவது. முதல் வாக்கியத்துக்குப் பிறகு மனந்திரும்ப இடம் இருக்கிறது. இரண்டாவதற்குப் பிறகு அவன் திரும்பி வந்தாலும் நாம் நம்பப்போவதில்லை.

முதல் படி: உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள்

மத்தேயு 18-ல் இரண்டு கடன்காரர்கள் வருகிறார்கள். ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன். அவனுடைய உடன்வேலைக்காரன் அவனுக்கு நூறு வெள்ளிப்பணம் கொடுக்க வேண்டியவன். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியென்றால் முதலாமவனுடைய கடன் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அதை அடைக்க 2 லட்சம் வருஷம் ஆகும்.

இந்தக் கணக்கைச் சொல்லும்போது நாம் பொதுவாகத் தாண்டிப்போகும் ஒன்று உண்டு. அந்த நூறு வெள்ளிப்பணமும் சின்னத் தொகை இல்லை. மூன்று மாதத்துக்கு மேலான சம்பளம். உங்களுக்கு ஒருவர் செய்த தவறு அற்பமானது என்று இயேசு சொல்லவில்லை. அது உண்மையான கடன்தான், உண்மையான வலிதான். ஆனால் அதைக் கையில் பிடித்திருப்பவனுக்கு 6 கோடி தள்ளுபடி ஆகியிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று இருவரும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளைச் சொல்லித்தான் கெஞ்சுகிறார்கள். தான் சற்றுமுன் கெஞ்சிய வார்த்தைகளே தன் காதில் விழுந்தபோதும் அவனுக்கு உறைக்கவில்லை. எதிராளியின் தொண்டையை நெரித்தான்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் மோசே என்றொரு துறவி இருந்தார். முன்பு கொள்ளைக்காரராய் வாழ்ந்தவர். ஒரு சகோதரன் செய்த குற்றத்தை விசாரிக்கக் கூடியபோது அவரையும் அழைத்தார்கள். அவர் வர மறுத்தார். மறுபடியும் ஆள் அனுப்பியதும், ஓட்டைப் பாத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்ன இது என்று கேட்டார்கள். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, நான் அவற்றைப் பார்ப்பதில்லை, ஆனால் இன்னொருவனை நியாயந்தீர்க்க வந்திருக்கிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னாராம். கூடியிருந்தவர்கள் அந்தச் சகோதரனை மன்னித்து அனுப்பினார்கள்.

நடைமுறையில் இதைச் செய்வது எளிது. ஒருவரைக் குறித்து மனம் கொதிக்கும்போது, அவரைப் பற்றி ஜெபிப்பதற்கு முன்னால், உங்களுக்கு மன்னிக்கப்பட்ட ஒரு காரியத்தைப் பெயர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள். "நானும் பாவிதான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது யாரையும் உடைப்பதில்லை. எந்த நாள், எந்தப் பொய், யாருடைய கண்ணீர் என்று நினைத்துப் பார்த்தால் குரல் தானாகவே தணியும்.

இரண்டாம் படி: காரியம் எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்

நம்மைக் கோபப்படுத்துகிற எல்லாமே பாவம் இல்லை. உடை, இசைக்கருவி, ஆராதனை முறை, உபவாச நாள், உணவு என்று சபைகளில் நடக்கும் சண்டைகளில் பாதி ரோமர் 14-க்குள் அடங்கிவிடும். அங்கே பவுல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்? இந்த வகையில் உங்கள் வேலை வாயை மூடிக்கொண்டு அவரோடு சேர்ந்து ஆராதிப்பதுதான்.

இரண்டாவது வகை, வேதம் தெளிவாகப் பாவம் என்று சொல்லும் ஒன்றில் ஒருவர் விழுந்திருப்பது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

மூன்றாவது வகையில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒருவர் இன்னொருவரை நசுக்கிக்கொண்டிருக்கிறார்: மனைவியை அடிக்கிறார், பிள்ளையிடம் தகாதபடி நடக்கிறார், சபைப் பணத்தைத் திருடுகிறார். இங்கே "இரக்கம்" என்ற பெயரில் மூடி மறைப்பது பெரிய துரோகம். யாருக்கு இரக்கம் காட்டுகிறோம் என்பதே இங்கு முதல் கேள்வி. முதலில் அடிபட்டவருக்கு, அப்புறம்தான் அடித்தவருக்கு. சமாரியன் கள்ளரைத் தேடிப் போகவில்லை, குற்றுயிராய்க் கிடந்தவனிடம் போனான். சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி இயேசு பேசிய வார்த்தைகள் மிகக் கடுமையானவை: அவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது நலமாயிருக்கும் என்றார். பாதிக்கப்பட்டவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள். சட்டப்படி புகார் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று யாரும் அதைத் தடுக்க விடாதீர்கள். "நீயும் அவரும் தனியே பேசுங்கள்" என்று மத்தேயு 18:15-ஐக் காட்டி, அடிபட்டவரை அடித்தவர் முன் தனியாக அனுப்பாதீர்கள். குற்றம் செய்தவர் சிறைக்குப் போனாலும் அங்கே அவரைப் போய்ப் பார்க்கலாம். அதுவும் இரக்கம்தான். தண்டனையிலிருந்து அவரை ஒளித்துவைப்பதுதான் இரக்கம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மூன்றாம் படி: தெரியாததைக் கேளுங்கள்

ஏலி ஆசாரியனுடைய கதை இந்த இடத்தில் நமக்கு நல்ல பாடம். அன்னாள் ஆலயத்தில் ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. ஏலி பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டிக் கடிந்துகொள்கிறார். அவளோ, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ, என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன் என்கிறாள். அதே நேரத்தில் ஏலியின் சொந்தக் குமாரர்கள் அதே ஆலயத்தில் பலியைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். உத்திரமும் துரும்பும் பற்றி இயேசு சொல்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது அங்கே நடந்துவிட்டது. ஏலியிடம் பாராட்ட வேண்டியதும் ஒன்று உண்டு. உண்மை தெரிந்ததும் அவர் வறட்டுப் பிடிவாதம் பிடிக்கவில்லை. உடனே அவளை ஆசீர்வதித்து அனுப்பினார்.

யோசுவா 22-ம் அதிகாரம் பிரசங்கங்களில் அதிகம் வருவதில்லை, வர வேண்டும். யோர்தானின் அக்கரைக் கோத்திரத்தார் பெரிய பலிபீடம் ஒன்றைக் கட்டினார்கள் என்று செய்தி வருகிறது. மற்ற இஸ்ரவேலர் அதை விக்கிரகாராதனை என்றே நினைத்துச் சீலோவில் யுத்தத்துக்குக் கூடிவிட்டார்கள். ஆனால் படை புறப்படுமுன் ஆசாரியனான பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பி விசாரிக்கிறார்கள். பதில் வேறு மாதிரி இருந்தது: அது பலியிடுவதற்கு இல்லை, நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து "கர்த்தரிடத்தில் உங்களுக்குப் பங்கில்லை" என்று சொல்லிவிடக் கூடாதே என்று சாட்சிக்காகக் கட்டினோம் என்றார்கள். ஒரு கேள்வி கேட்டதால் ஒரு உள்நாட்டுப் போர் நின்றது.

ஆகவே, செய்தி காதில் விழுந்ததும் உங்களையே மூன்று காரியம் கேட்டுக்கொள்ளுங்கள். இதை நானே பார்த்தேனா? அவர் தரப்பைக் கேட்டேனா? இதற்கு நான் இதுவரை நினைக்காத வேறு காரணம் இருக்க முடியுமா? மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாதவரை உங்கள் மனதில் இருப்பது வெறும் ஊகம். ஊகத்தை வைத்துக்கொண்டு யாரையும் எடைபோடாதீர்கள்.

நான்காம் படி: ஜெபக் குறிப்பு என்ற பெயரில் புறணி வேண்டாம்

"அந்தக் குடும்பத்துக்காக ரொம்ப பாரமா ஜெபிங்க அக்கா, காரணம் வெளியே சொல்ல முடியாது, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்." இந்த வாக்கியம் எத்தனை பேரைச் சபைக்கு வெளியே தள்ளியிருக்கிறது! பாரத்தோடு ஜெபிக்க விவரம் தேவையில்லை. கர்த்தருக்கு விவரம் தெரியும்.

உங்களிடம் ஒருவர் இப்படிச் சொல்ல ஆரம்பித்தால், அவரையும் கடிந்துகொள்ள வேண்டாம். "அவங்ககிட்ட நீங்க பேசினீங்களா? இல்லேன்னா வாங்க, ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நிற்காமல் அவரும் கூடவே கிளம்பி வந்துவிட்டால், இன்னும் நல்லது.

ஐந்தாம் படி: தனியே போங்கள், முதலில் உட்காருங்கள்

மத்தேயு 18:15-ன் ஒழுங்கு நமக்குத் தெரியும்: முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில், கேட்காவிட்டால் இரண்டொருவரோடு, அப்புறம்தான் சபை. நாம் பல நேரம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சபைக்கெல்லாம் தெரிந்தபின் கடைசியாகத்தான் அந்த ஆளுக்குத் தெரியவருகிறது.

எப்படிப் பேசுவது என்பதற்கு யோவான் 21-ஐ விட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. பேதுரு இயேசுவை மூன்று தரம் மறுதலித்தது ஒரு கரிநெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பைப் போட்டு வைத்திருக்கிறார். மேலே மீன், பக்கத்தில் அப்பம். இரவெல்லாம் வலை இழுத்துக் களைத்து, நனைந்து வந்தவர்களிடம் அவர் சொன்னது "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்". விசாரணை இல்லை. அவரே அப்பத்தை எடுத்துக் கொடுக்கிறார். அவர்கள் சாப்பிட்டு முடித்த பின்புதான் "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" என்ற கேள்வி. மறுதலிப்பு என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. ஆனால் அதை மறந்துவிட்டதுபோல் நடிக்கவும் இல்லை. மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. மூன்றாம் தரம் பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. அந்த வலி தேவைப்பட்டது. ஆனால் வயிறு நிறைந்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வந்த வலி அது.

இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இளைஞன் இணையச் சூதாட்டத்தில் கடன்பட்டு, சபையில் பலரிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கி, இப்போது சபைக்கே வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். அவனிடம் போகிறவர் இப்படித் தொடங்கலாம்:

"கொஞ்ச நாளா உன்னைக் காணோமே தம்பி, பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். சாப்பிட்டியா? உன்னைப் பத்தி ஒரு விஷயம் காதில் விழுந்தது. உண்மையா பொய்யான்னு எனக்குத் தெரியாது, அதான் உன்கிட்டயே கேக்க வந்தேன். நீ என்ன சொன்னாலும் நான் எழுந்து போயிட மாட்டேன்."

கடைசி வரிதான் முக்கியம். விழுந்த மனிதர் பயப்படுவது கண்டனத்துக்கு அல்ல, உண்மை தெரிந்ததும் நாம் எழுந்து போய்விடுவோம் என்பதற்கு. அந்தப் பயம் நீங்கினால்தான் உண்மை வெளியே வரும். அப்புறம் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்காமல் "இது எப்போதிலிருந்து உன்னைப் பிடித்திருக்கிறது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சாக்குதான் பதிலாக வரும். இரண்டாவதற்குக் கதை வரும்.

அவன் பேசி முடித்ததும் உண்மையை மழுப்ப வேண்டாம். "பரவாயில்லை, எல்லாரும் செய்றதுதானே" என்பது இரக்கம் போலத் தெரியும், ஆனால் அது அவனைத் தனியாக விட்டுவிட்டு வருவதுதான். "நீ பொய் சொன்னது தப்பு தம்பி. யார் யாருக்கு எவ்வளவு தரணும்னு வா ரெண்டு பேரும் எழுதிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். யோவான் 8-ல் இயேசு, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்றதும், "இனிப் பாவஞ்செய்யாதே" என்றதும் ஒரே மூச்சில். எதையும் விடாதீர்கள், வரிசையையும் மாற்றாதீர்கள்.

நீங்கள் போகும் நேரமும் முக்கியம். கோபத்தோடு போகாதீர்கள். சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள், நீயும் சோதிக்கப்படாதபடிக்கு எச்சரிக்கையாயிரு என்று கலாத்தியர் 6:1 சொல்கிறது. உங்களுக்கும் அதே பலவீனம் இருக்குமானால், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

பேச ஒன்றும் இல்லாத நேரமும் உண்டு. யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் இராப்பகல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்தபின், அவன் துன்பத்துக்கு அவன் பாவமே காரணம் என்று குற்றஞ்சாட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஆறாம் படி: ஒரு சந்திப்போடு விட்டுவிடாதீர்கள்

சமாரியன் சத்திரத்துக்குக் கொண்டுபோய், இரண்டு பணம் கொடுத்து, "அதிகமாய் ஏதாகிலும் செலவழித்தால் நான் திரும்பி வரும்போது தருவேன்" என்றான். இரக்கத்துக்குப் பின்தொடர்ச்சி உண்டு, செலவும் உண்டு. அந்த இளைஞன் மறுபடியும் ஒருமுறை விழலாம். அன்றைக்கு அவன் யாரை அழைப்பான்? அந்த எண் உங்களுடையதாக இருக்கட்டும். வாரம் ஒரு நாள் குறித்து, அன்று தவறாமல் பேசுங்கள்.

சபை ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருந்தால், அதற்கு ஒரு முடிவும் இருக்க வேண்டும். கொரிந்து சபையார் ஒருவனைத் தண்டித்தபின் பவுல் எழுதுகிறார்: அந்தத் தண்டனை போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் (2 கொரிந்தியர் 2). தள்ளிவைப்பதற்குத் தேதி குறிக்கும் சபைகள் பல, சேர்த்துக்கொள்வதற்குத் தேதி குறிப்பதில்லை.

இதில் பவுலுக்கே ஒரு பாடம் இருந்தது. பம்பிலியாவில் தங்களை விட்டுப் பிரிந்துபோன மாற்குவைத் திரும்ப அழைத்துக்கொண்டுபோகப் பவுல் சம்மதிக்கவில்லை. உடன் ஊழியனான பர்னபாவோ அவனைச் சேர்த்துக்கொண்டான். கோபம் மூண்டு இருவரும் பிரிந்தே போனார்கள் (அப்போஸ்தலர் 15). எருசலேமில் எல்லாரும் சவுலைக் (பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்டவரைக்) கண்டு பயந்தபோது, அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் அழைத்துப்போனதும் இதே பர்னபாதான். வருஷங்கள் கழித்து, சிறையிலிருந்து பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். நடுவில் ஒருவர் மாற்குவைக் கைவிடாமல் இருந்ததால்தான் அந்த வரி எழுதப்பட்டது. ஒவ்வொரு சபைக்கும் ஒரு பர்னபாவாவது வேண்டும்.

ஏழாம் படி: காயம் பட்டது நீங்களே என்றால்

இது எல்லாவற்றிலும் கடினம். ஆகவே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: மன்னிப்பது வேறு, திரும்ப நம்புவது வேறு. பழிவாங்கும் உரிமையைத் தேவனுடைய கையில் கொடுத்துவிடுவது மன்னிப்பு. அதை இன்றே தொடங்கலாம், நாளை மறுபடியும் தொடங்க வேண்டியிருக்கலாம். ஏழெழுபதுதரம் என்று இயேசு சொன்னது ஒரே காயத்தைத் திரும்பத் திரும்ப மன்னிப்பதற்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். நம்பிக்கையோ மற்றவருடைய கனிகளைப் பார்த்து மெதுவாக வளர வேண்டியது. பணத்தை ஏமாற்றியவரை மன்னிக்கலாம், ஆனால் கணக்குப் புத்தகத்தை அவர் கையில் உடனே கொடுக்க வேண்டியதில்லை. உங்களை மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்களிடம் "ஜெபித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

வீட்டுக்குள்ளே

சபையில் சாந்தமாகப் பேசுகிறவர் வீட்டில் நியாயாதிபதியாக இருப்பது எளிது. பிள்ளை தவறு செய்ததும் "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று வருகிறதே, அந்த "எப்பவுமே"யை மட்டும் விட்டுப் பாருங்கள். செய்ததைச் சொல்லுங்கள், திருத்துங்கள், பழைய பட்டியலை எடுக்காதீர்கள். தப்பு செய்துவிட்டு முதலில் உங்களிடம் ஓடி வரும் பிள்ளை, வளர்ந்தபின் தேவனிடத்திலும் ஒளியாமல் போகும்.

அவர் திரும்ப வரும் நாளில்

நீண்ட நாள் கழித்து அவர் ஆராதனைக்கு வரும்போது வாசலிலேயே "எங்கே போயிருந்தீங்க?" என்று கேட்காதீர்கள். "வாங்க" போதும். பக்கத்தில் இடம் வைத்திருங்கள். ஆராதனை முடிந்ததும் அவர் தனியாக வெளியேறாதபடி கூட நடங்கள். மேடைக்கு அழைத்துச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். அவருடைய விழுகை சபைக்கு உதாரணக் கதையாக வேண்டியதில்லை, அவராக விரும்பிக் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். சில மாதம் போகட்டும். அப்புறம் அவரால் செய்ய முடிகிற ஒரு சின்னப் பொறுப்பை, நாற்காலி எடுத்துப் போடுவதோ பாட்டுப் புத்தகம் கொடுப்பதோ, அவரிடமே கேட்டு ஒப்படையுங்கள்.